பக்கத்துக்குப் பத்து ரூபா

பொகவந்தலாவை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
என் போட்டோக் கொப்பிக் கடை.
மழைநாளில் மெசினுக்குள் தாள் ஒட்டும்.
அதற்காகவே மேசை விளக்கொன்றை
அதன் வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

புஷ்பகாந்தி வந்தது கொழுந்து குறைந்த ஒரு செவ்வாய்.
இடுப்புப் படங்கை இன்னும் அவிழ்க்கவில்லை.
சொப்பிங் பேக்குக்குள் அட்டை போன ஒரு புத்தகம்,
அட்டன் லோயர் இரவல் கொடுத்ததாம்.
"மூணாம் அத்தியாயமும்
பென்சில் போட்ட அந்த ஒத்தப் பக்கமும், தம்பி."

பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம்,
சேமலாப நிதிப் படிவம்:
எத்தனையோ ஆயிரம் பிரதி எடுத்தவன் நான்,
எதையும் வாசித்தவன் இல்லை.
அவள் வாசிக்கச் சொன்னாள்.
பள்ளிக்கூடக் குரலில் வாசித்தேன்,
சட்டத்தின் முன்னால் ஆட்கள் எல்லாரும் சமம் என்று.

"எல்லாருன்னா,
அரப் பேர் விழுந்தவளுமா?"

கிலோ குறைந்த நாளில்
செக்ரோல் அவளைப் பாதி ஆளாக எழுதும்.
அவள் மகனையோ
பொலிஸ் இரண்டு இரவு வைத்திருந்தது,
எந்தப் புத்தகத்திலும்
பாதிப் பேர்கூட இல்லாமல்.

நான் பதில் சொல்லவில்லை.
மூடியின் இடுக்கால் கசிந்த பச்சை வெளிச்சம்
கறையேறிய அவள் விரல்களின் மேல்
போய்ப் போய் வந்தது.

"நாப்பத்தெட்டுல எங்கள அழிச்சதும்
இந்த மாதிரி ஒரு தாள்தானே.
அழிக்கத் தெரிஞ்சதுக்கு
எழுதவும் தெரியணும்ல."
சொல்லிவிட்டு நூற்றிருபது ரூபாவைச்
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை; கரண்ட் பில் வந்திருந்தது.

பஸ் போன பிறகுதான்
மெசினுக்குள் கசங்கிக் கிடந்த தாளைக் கண்டேன்.
மூடியைத் தூக்கினால்
கண்ணாடியில் முகம் குப்புற அந்த ஒற்றைப் பக்கம்.
பென்சில் கோடு இரண்டு சொல்லின் கீழ்:
ஒரு மாதத்துக்குள்.

உரிமை மீறப்பட்டால்
உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள்.
இதை எழுதிய மனிதர்
லயத்துக்குக் கடிதம் எழுதிப் பார்த்திருப்பாரா?
முதலில் தோட்டத்து ஒபிஸ்,
பிறகு கணக்கப்பிள்ளையின் லாச்சி,
பிறகு யாராவது அந்தப் பக்கம் போனால்.

தீர்த்தத்துக்கு மறுநாள் பிடித்தார்கள் என்றிருந்தாள்.
கலண்டரில் விரல் வைத்து எண்ணினேன்.
இருபத்துநாலு.
திரும்ப எண்ணினேன். இடையில் ஒரு போயா,
அதையும் சேர்த்து இருபத்துநாலுதான்.

மூன்று பிரதி எடுத்தேன், மழை என்பதால்.
மேல் டிவிசனுக்கு அடுத்த பஸ் நாலு மணிக்கு.
ஷட்டரை இழுத்தேன்; பாதியில் சிக்கியது, விட்டேன்.
ஆட்டோக்காரன் ஆயிரத்து அறுநூறு கேட்டான்.
ஏறி உட்கார்ந்தேன்.
மூன்றாம் வளைவு வரையிலும்
மடியில் தாள்
சூடாக இருந்தது.