டெசிபல் எடுத்த நாள்

ஓடுபாதையை நீட்டினால்
நகரி மூக்குமலைக்கு இந்தப் பக்கம்
விமானம் இன்னும் தாழ இறங்குமாம்.
பாதை தமிழ்நாட்டில், சத்தம் ஆந்திராவில்.
மனு எந்த ஆபீசுக்கு என்பதிலேயே
ஒரு வருஷம் போனது.

முதல் தடவை மீட்டர்காரர் வந்தபோது
தெருவில் இருநூறு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.
முக்காலியில் கருவியை நிறுத்திப் பார்த்துத்
தெலுங்கில் எழுதிக்கொண்டார்:
"ஏற்கனவே இரைச்சலான ஊர்."

அதனால் ரெண்டாம் தடவைக்கு
ஊர்க்கட்டுப்பாடு.
செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை
ஒரு தறியும் ஓடக்கூடாது.

எங்கள் முதலாளி முனிரத்தினத்துக்கு
எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கர்,
பாதை முடிகிற இடத்தில்.
விலை பேசி முன்பணமும் வாங்கியாயிற்று.
"நீ ஓட்டு தேசம்மா, ரெட்டைக் கூலி" என்றார்.
மகனுக்குக் காலேஜ் பணம் கட்ட
வெள்ளிக்கிழமைதான் கடைசி.

பத்தேகாலுக்கு சுவிட்சைப் போட்டேன்.
பிறந்ததிலிருந்து கேட்டிராத
தெருவின் அமைதிக்குள்
என் ஒற்றைத் தறி
டக்கடக்கென்று
காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பாவில் ஓர் இழை அறுந்தது.
நிறுத்தினேன்.
கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிறவள் நான்,
மூன்று விநாடி போதும்.
அன்று நுனியைத் தேடிக்கொண்டே இருந்தேன்.
நுனி என் விரலிடுக்கில்தான் இருந்தது.

மேலே ஒன்று போனது.
தகரம் அதிர்ந்தது, டம்ளர் நகர்ந்தது.
வாசலில் நின்ற முனிரத்தினம்
கையை ஆட்டி ஆட்டி
என்னவோ சொன்னார்.

ஒன்றும் கேட்கவில்லை.