ஐந்து ஏக்கருக்குக் குறையாமல்

பெல்டன் ஹாலோவில் தெருவிளக்கு கிடையாது,
நட்சத்திரம் தெரிய வேண்டுமாம்.
நடைபாதையும் கிடையாது.
குதிரைகளுக்கு உண்டு, மரத்தூள் பரப்பி.

ஐம்பத்தாறில்,
சிகாகோ பக்கத்து ஊர்வரை வந்துவிட்டதென்று
பதினேழு பேர் ஒரு லாயத்தில் கூடிக்
கை தூக்கியதில் இது ஊரானது.
முதல் சட்டம்: வீட்டுக்கு ஐந்து ஏக்கர், குறையக் கூடாது.
இரண்டாவது சேவல்களைப் பற்றியது. தோற்றுப்போனது.

அதற்கு முன் ஓட்டோ ஷ்ராமின் முட்டைக்கோஸ் வயல்.
அவர் பெயரில் ஒரு சந்து இருக்கிறது,
அதில் வீடு வாங்க அவர் பேரனுக்குக் கட்டவில்லை.
அவருக்கும் முன் யாரென்று
என் பதிவேட்டில் பக்கமில்லை.

தார் போடப் பணமில்லாமல் இல்லை;
மண்சாலையை மண்சாலையாக வைத்திருக்கத்தான்
வருடா வருடம் கூடுதல் செலவு.

செவ்வாய்க்கிழமை
ரயிலிறங்கி மூன்று மைல்
குதிரைப்பாதையிலேயே நடந்து வந்தாள் ஹலினா,
வான்ஸ் வீட்டுக் குளியலறைகள் ஒன்பதையும் கழுவ.
எதிரே வந்த செம்பழுப்புக் குதிரை
தானாக ஒதுங்கி நின்றது.
பின்னால் வந்த ரோந்துக் கார் ஒதுங்கவில்லை.
கண்ணாடி இறங்கியது:
"வழி தவறிவிட்டீர்களா, அம்மா?"

மரியாதையான ஊர்தான் எங்களுடையது.
அன்றைய குறிப்பில் நான் எழுதினேன்:
சம்பவம் ஏதுமில்லை.