பதினோராம் நாள்

சுங்கச்சாவடியில் ஏழாம் பாதை என்னுடையது.
ஃபாஸ்டேக்கில் பணமில்லாதவர்கள் எல்லோரும்
என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள்,
கோபத்தோடு.

பங்குனியில் ஓர் இரவு
ஐநூறு ரூபாய்க்கு மீதி கொடுத்தேன்.
அதே ஆளுக்கு மறுபடியும் கொடுத்தேன்.
ஓசூர்க்காரர், நல்லவர், திருப்பித் தந்தார்.
விடிந்து வீட்டுக்கு வந்து
கையில் இருப்பதற்குப் பெயர் சீப்பு என்பது
ஞாபகம் வராமல் நின்றேன்,
பாதிப் பின்னலோடு.

"தூக்கம் போனா புத்தியும் கூடவே போகும்" என்றாள்
மருந்துக்கடை யசோதம்மா.
"மெக்னீசியம் போட்டுப் பாரேன்."
முப்பது மாத்திரை. அரைநாள் சம்பளம்.

எனக்குத் தெரிந்த மெக்னீசியம் ஒன்றுதான்.
பர்கூரில் ஒன்பதாம் வகுப்பில்
இடுக்கியில் எரிந்த ஒரு நாடா.
நேராகப் பார்க்காதே என்றார்கள். பார்த்தேன்.
மத்தியானம் வரை எல்லார் முகத்திலும்
ஒரு வெளிர்பச்சை ஓட்டை.
அதையா இப்போது விழுங்குவது,
இருட்டு வேண்டும் என்று?

முதல் மூன்று நாள் தூக்கம் வரவில்லை.
வயிறுதான் போனது.
ஏழாம் பாதையை அடைத்துவிட்டு ஓடினேன்,
பின்னால் ஹாரன், ஹாரன்.
சாப்பிட்டுவிட்டுப் போடணுமாம். அதை அப்புறம் சொன்னாள்.
ஆறாம் பாதை நாகவேணி சிரித்தாள்:
"ராகிக்களியில இல்லாத சத்தா?"
அவளும் தூங்குவதில்லை. களிதான் தின்கிறாள்.

பழையபேட்டையில் பகல் என்றால்
மிக்ஸி, காய்கறி வண்டி மைக்,
எதிர்வீட்டில் இராப்பகலாய் போர் போடும் வண்டி.
தகரக் கூரை வெயிலில் விரியும் சத்தம்கூட
எண்ணிக்கொண்டு கிடப்பேன்.

பதினோராம் நாள்
எட்டரைக்குப் படுத்தேன்.
கண் திறந்தால் மூன்று மணி.
கன்னத்தில் கோரைப்பாய், வாயோரம் ஈரம்.
நான் இல்லாமலே ஒரு பகல் நடந்து முடிந்திருந்தது.
என்ன சுகம் அது.

வெளியே வந்தேன்.
எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் ஒகேனக்கல் தண்ணீர்
வந்து, நின்று, போயிருந்தது.
தெரு முழுக்க ஈரம். என் குடங்கள் கவிழ்த்தபடி.
"தட்டித் தட்டிப் பாத்தோம்,
செத்துட்டியோன்னு பயந்துட்டோம்" என்றார்கள்,
அவரவர் நிரம்பிய குடத்தோடு.

மாத்திரைதானா, தெரியாது.
போர் வண்டி அன்று காலையே கிளம்பிவிட்டதாம்,
ஆயிரத்து இருநூறு அடியிலும் வெறும் புகை.

டப்பாவில் பத்தொன்பது மிச்சம்.
அடுத்த தண்ணீர் வியாழக்கிழமை,
காலண்டரைப் பார்க்காமல்தான் சொல்கிறேன்.
அன்றைக்கு மட்டும் போடமாட்டேன்.