எந்தக் குழி

அர்த்தநாரியின் ரத்தம், பத்து மில்லி,
பனங்காட்டிலிருந்து ஐஸ்பெட்டியில் வந்தது.
நாற்பத்தெட்டு வயது ரத்தம்.
அதைப் பின்னோக்கி நடத்தி
அவர் அம்மாவுக்கே தெரியாத நாட்களுக்குக்
கொண்டுபோய்விட்டேன்:
தோலா எலும்பா என்று இன்னும் முடிவெடுக்காத
குருத்தணு.
பிறகு, இதயமாகு என்றேன்.

சொன்னால் கேட்டுவிடுமா.
இரண்டு தடவை செத்தது.
மூன்றாம் தடவை, ஆடிப் பதினெட்டு லீவில்,
இன்குபேட்டர் மட்டும் விழித்திருந்த
கன்னங்குறிச்சிக் கட்டடத்தில்
ரோஸ்மில்க் நிறத் திரவத்துக்கு அடியில்
ஒரு துணுக்கு துடித்தது.
நின்றது.
துடித்தது.

பற்றவைக்கும் பொடியில் காட்மியம் இருக்கிறது.
செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற கொலுசில்
வெள்ளியை வெள்ளியோடு சேர்த்துவிட்டு
கூலி வாங்காமல்
புகையாய்க் கிளம்பிவிடும்.
அதைத்தான் கொடுத்தேன்,
தொண்ணூற்றாறு குழிகளில்,
வரிசைக்கு வரிசை கொஞ்சம் கூட்டி.
முன்பென்றால் எலிக்குக் கொடுத்திருப்போம்.
எலி கொலுசு செய்வதில்லை.

பார்க்கணும் என்று வந்தார்.
செருப்பைக் கழற்றி, மாஸ்க் போட்டு,
தலைவலையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்து,
"பணியாரக் கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார்.
மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர்
ரொம்ப நேரம் நிமிரவில்லை.
வலது கை தன்னால்
சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது.

நாலாவது வரிசையில் தாளம் தப்புகிறது,
ஆறாவதில் நின்றுவிட்டது என்றேன்.
"எத்தன நாள்ல?"
இரண்டு நாளில்.
"நான் இருபத்தேழு வருசமா ஊதறனுங்க.
அப்ப இதவிட நான் கெட்டி."

கெட்டிதான்.
தட்டில் ஈரல் இல்லை, சிறுநீரகம் இல்லை,
மத்தியானச் சோறு இல்லை,
பட்டறை சாத்துகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை,
அதனால் இதை வைத்து உங்களை அப்படியே...
இழுத்தேன்.
"பொடி வெச்சு ஊதறது எங்க வேலைங்க.
நீங்க நேராச் சொல்லுங்க.
இதுல எந்தக் குழி எங்க பட்டறை?"

தெரியவில்லை.
அந்தக் காற்றை யாரும் அளந்ததில்லை.

வெள்ளிக்கிழமை,
அவர் காலரில் ஒரு குட்டிப் பம்ப்பை மாட்டிவிட்டு
மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள்,
காற்றடித்தால் பொடி பறக்குமாம்.
ஊதுகுழல் தீயின் நுனியை வளைக்கிறது.
கண்ணியோடு கண்ணி ஒட்டுகிறது, யார் காலுக்கோ.
பம்ப் மெல்ல உறுமுகிறது.
எட்டு மணி நேரம் ஓட வேண்டும்.
மணி இப்போது பத்தேகால்.
நானும் மூச்சைக்
கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்கிறேன்.