நிலுவை

வாரம் ஐம்பது காசு.
வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடத்துக்கு முன்
பால்மாவு டின்னோடு எழுந்து நிற்பேன்.
படிவம் ஐந்து, சி பிரிவு,
வகுப்புப் பொருளாளர் செ. மங்களநாயகி.
ஆண்டு முடிவில் தெலுக் பகாங்குக்கு
எல்லாரும் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.
போகவில்லை. மழை.
பிறகு தேர்வு, பிறகு ஆளுக்கொரு திசை.

நோட்டு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.
ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் பாருவுக்கு,
அங்கிருந்து இந்தப் பன்னிரண்டாம் மாடிக்கு,
ஒவ்வொரு முறையும் லோரியில் ஏற்றும்போது
இதை எதற்கு என்று கேட்பார் அவர்.
கணக்கு முடியவில்லை என்பேன்.

நேற்று பத்து லஞ்சாங்கில் சகாதேவனை எரித்தோம்.
பெண்கள் எதற்கு என்றது ஒரு குரல்;
போனேன்.
வந்து குளித்து, ஈரத் தலையோடு
நோட்டை எடுத்தேன்.

முப்பத்தெட்டுப் பெயர்.
இல்லாதவர்களுக்குப் பென்சிலால் புள்ளி வைத்து வந்து
ஆறாவதில் நிறுத்திவிட்டேன்.
அதற்கு மேலும் உண்டு.

தான் கிம் ஹோக், நான்கு வாரம் பாக்கி.
கேட்டால் "நாளைக்கு" என்பான்,
அவன் கற்ற ஒரே தமிழ்ச் சொல்.
பாலம் வராத காலம் அது.
பட்டர்வொர்த்தில் மோட்டார் சறுக்கி
ஃபெர்ரியில் வந்தது அவன் உடல்.
அவன் அம்மா என் கையைப் பற்றி
ஹொக்கியனில் ஏதோ கேட்டாள்.
தலையாட்டினேன்.
எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று
இன்றுவரை தெரியாது.

நோரைனிக்குப் பாக்கியே கிடையாது.
அவள் தரும் சில்லறையில் சம்பல் மணக்கும்,
விடியற்காலை அம்மாவோடு நாசி லெமாக் மடித்த விரல்கள்.
முப்பத்தொன்பதில் மார்பில் கட்டி.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைத்துணியை விலக்கி
"பார், ஷாம்பு செலவு மிச்சம்" என்று சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

செல்லப்பாவை எனக்குப் பிடிக்காது.
போனவர்களைக் குறை சொல்லக்கூடாதுதான்.
ஆனாலும் பூனைக்குட்டியைத் தூக்கி
சுங்கை பினாங்கில் எறிந்தவன் அவன்.
அவன் செத்தது தெரியாமல்
இரண்டு வருடம் கூடுதலாகக் கோபித்திருக்கிறேன்.
அந்த இரண்டு வருடத்தை
யார் கணக்கில் எழுதுவது?

இனி சகாதேவன்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
பதினோரு வெள்ளியை என் மேசையில் வைத்தான்.
காலையில் பேப்பர் போட்டு வருகிறவன்,
நோட்டெல்லாம் கசங்கி, அச்சு மை ஒட்டி.
இருபத்திரண்டு வாரத்துக்கு ஆகிறதே,
பள்ளி இன்னும் ஒன்பது வாரம்தானே என்றேன்.
"இருக்கட்டும், எழுதிக்கொள்."

அந்த வாரம் டின்னில் பத்து வெள்ளி குறைந்தது.
அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லாத மாதம்.
எடுத்தவள் நான்.
எனக்குப் பின்பெஞ்சில் இருந்தவன் அவன்.

பார்த்தானா,
இல்லை சும்மாதான் கொடுத்தானா?
நாற்பது வருடம் கல்யாணங்களில் சந்தித்தோம்.
"சாப்பிட்டாயா?" என்பான்.
நானும் "சாப்பிட்டேன்" என்பேன்.
அவ்வளவுதான் பேச்சு.

நேற்று அவன் மனைவியிடம் சொல்ல நினைத்தேன்.
அவள் வேன்காரனோடு
வாடகைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
அழுகையை அதில்தான் வைத்திருந்தாள்.
குறுக்கே போக மனம் வரவில்லை.

சகாதேவன் பக்கத்தில் ஆறு வெள்ளி ஐம்பது காசு அதிகம்.
கிம் ஹோக்கின் பாக்கியை அதில் கழித்துப் பார்த்தேன்.
மற்றவர்கள் பாக்கியையும் கழித்தேன்.
எப்படிக் கூட்டினாலும்
நாற்பது காசு இடிக்கிறது.

அடுத்த வாரம் மிச்சப்பேர்
டத்தோ கெராமாட் சாலைக் கடையில் கூடுகிறோம்.
நோட்டைக் கொண்டுபோகலாமென்று இருக்கிறேன்.
பரமேஸ்வரி மூன்று வாரம் பாக்கி.
கேட்டால் கடை அதிரத் திட்டுவாள்.

திட்டட்டும்.