ஏழு கட்டி நிலக்கரி

பேனாவுக்கு அனுமதி இல்லை இங்கே.
மழைக்கோட்டையும் சாண்ட்விச்சையும் பெட்டியில் பூட்டிவிட்டு
ஒரு பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
ப்ரெஸ்டன் ஆவணக் காப்பகம், சனிக்கிழமை,
நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள்.
விடியும்வரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
யார் யார் ரத்தத்தையோ வெளுத்த கை.
இந்தத் தாளைத் தொடுமுன் இரண்டு முறை கழுவினேன்.

ஒன்றுவிட்ட அக்கா மியூரியல் சொல்வாள்,
நம் வம்சத்தில் ஒரு கப்பல் தலைவன் இருந்தான் என்று.
தேடிவிட்டேன், மியூரியல்.
கால்வாயில் கரிப்படகு இழுத்த குதிரையை
ஓட்டியவன் ஒருவன் இருக்கிறான்.
தண்ணீர் என்ற அளவில் நீ சொன்னது சரி.

அவன் பெயர் ஜேபஸ் த்ரெல்ஃபால்.
அடுத்த ஏட்டில் த்ரில்ஃபெல்.
அதற்கடுத்ததில் வெறும் ட்ரெல்ஃபா.
எழுதியவர் காதில் விழுந்ததுதான் எங்கள் குலப்பெயர்.
திருத்தச் சொல்லவேண்டுமானால்
முதலில் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் மனைவி கெசையா.
1871 குடிக்கணக்கில் வயது இருபத்துமூன்று.
1881இல் முப்பத்தொன்று.
மீதி இரண்டு வருஷத்தை எங்கே ஒளித்துவைத்தாளோ, சமர்த்து.
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
அளவுகோல் வைத்து,
வளையாமல் இழுத்த கோடு.

இரண்டு கணக்குக்கும் நடுவே
ஏமஸ் என்றொரு பிள்ளை வந்துவிட்டுப் போயிருக்கிறான்.
பத்து வருஷத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுகிறவருக்கு
அவனைத் தெரியாது.
புதைத்தவர்கள் ஏட்டில்தான் அகப்பட்டான்:
1879 மார்ச், பதினோரு வாரம்,
பொதுக்குழி. மேலும் கீழும் ஆட்கள்.

பிறகு ஒரு கட்டு அவிழ்ந்தது.
அதே வருஷம் ஜனவரி. தண்டவாளத்தோரம்
கரி பொறுக்கியதாக வழக்கு.
ஏழு கட்டி. மதிப்பு மூன்று பென்ஸ்.
ரயில்வே கம்பெனி வக்கீல் வைத்திருக்கிறது.
கெசையா சொன்னது ஒரே வரி:
"கீழேதான் கிடந்தது; வீட்டில் பிள்ளை இருமுகிறது."
பதினான்கு நாள்.

சிறைவாசலில் ஓர் எழுத்தர் அவளை நிறுத்தி
ஏறிட்டுப் பார்த்திருக்கிறார்.
உயரம் நான்கடி பத்தரை அங்குலம்.
கண் சாம்பல். முடி செம்பட்டை.
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
தொழில்: பஞ்சாலை.
ஆக, தொழில் இருந்திருக்கிறது.

ஞானஸ்நானம் கொடுத்தவர் இதையெல்லாம் எழுதவில்லை.
கல்யாணம் செய்துவைத்தவர் எழுதவில்லை.
அவள் யோக்கியமாகவே இருந்திருந்தால்
கண்ணின் நிறம் எனக்குக் கிடைத்திருக்காது.
அந்த ரயில்வேக்காரனுக்கு நன்றி சொல்வதா,
குழியிலிருந்து எழுப்பி ஓர் உதை விடுவதா,
தெரியவில்லை.

வாக்குமூலத்துக்கு அடியில் கைநாட்டு,
ஒரு பெருக்கல் குறி.
கல்யாண ஏட்டை மறுபடி வரவழைத்து
இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.
பதினோரு வருஷ இடைவெளி, ஒரே சாய்வு.
இரண்டிலும் ஈர மைமேல் கை ஊர்ந்து
வலப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது.
இடதுகைக்காரியோ?
என் அப்பா அப்படித்தான். பள்ளியில் பிரம்பால் மாற்றினார்கள்;
தீக்குச்சி மட்டும் கடைசிவரை இடது கையால் கிழித்தார்.
எந்த ஏட்டிலும் இதற்குக் கட்டம் இல்லை.
நானே கற்பனை செய்கிறேனோ என்னவோ,
தூங்கி இருபது மணி நேரமாகிறது.

மணி அடிக்கிறார்கள்.
ஏடுகளைத் திருப்பிக் கொடுக்கும் சீட்டில்
கையெழுத்துக் கேட்கிறாள் மேஜைக்குப் பின்னால் இருப்பவள்.
பென்சிலை இடது கைக்கு மாற்றுகிறேன்.
ஒரு கோடு. அதன் குறுக்கே இன்னொன்று.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறாள்,
சீட்டைத் திருப்பித் தள்ளுகிறாள்.
"படிக்கிற மாதிரி எழுதுங்கள்" என்கிறாள்.