செவ்வாய்க்கிழமை செய்த பரம்பரை

மதியச் சாப்பாட்டுக்கு முன்
ஒரு வம்சம் வேண்டும் என்றார் பெள்ளியப்பா.
முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட ட்வீட் கோட்டு,
குதிரை ஏறாதவர்களுக்குக் குதிரையேற்ற பூட்ஸ்,
எல்லாம் தயார்.
மார்புப் பையில் தைக்க ஒரு சின்னம்தான் இல்லை.
'இருநூறு வருஷப் பழசாத் தெரியணும்.
நாலு மணிக்குள்ள.'

எச்.எஸ்.ஆர். லேஅவுட், மூன்றாம் மாடி.
தண்ணீர் லாரி பின்னால் வரும்போது பாடும் பாட்டைக் கேட்டபடி
கேடயம் வரைந்தேன்.
உள்ளே சிங்கம் என்றது குறிப்பு.
சிங்கத்துக்கு முகம் வரவில்லை.
கீழே இட்லி வண்டியோரம் படுத்திருக்கும்
ஒற்றைக் காது மடிந்த நாயை எழுப்பி
முன்காலைத் தூக்கி நிற்க வைத்தேன்.
பிடரி கொஞ்சம் சேர்த்ததும்
அதுவும் அரசகுலம்தான்.
வாளுக்குப் பதில்
முருங்கைக்காய் இரண்டு, குறுக்காக.
தங்க நூலில் யாருக்குத் தெரியப்போகிறது.

அடியில் ஒரு ரிப்பன். அதில் லத்தீன்.
எனக்கு லத்தீன் தெரியாது.
தெரிந்ததெல்லாம் அன்று காலை
வீட்டு ஓனர் அனுப்பிய இரண்டு சொல்:
வாடகை பாக்கி.
ஆங்கில எழுத்தில் அடித்து
வால்பக்கம் கொஞ்சம் ரோமாபுரியை ஒட்டினேன்.
வாடகே பாக்கியம்.
பாக்கிக்கும் பாக்கியத்துக்கும்
எங்கள் மொழியில் இரண்டெழுத்துதான் தூரம்.

பெள்ளியப்பா நாவில் உருட்டிப் பார்த்தார்.
'அர்த்தம்?'
'கொடுக்க வேண்டியதே குலத்தின் பேறு.'
அவருக்குக் கண் கலங்கியது போலிருந்தது.

பொம்மனஹள்ளி ஷெட்டில்
எண்ணூறு நாய்களைத் தைத்தது மெஷின்.
ராத்திரி ஷிஃப்ட் நாகரத்னா மட்டும் போன் செய்தாள்.
'அக்கா, இது சிங்கமா?'
'ஆமா.'
'ஒரு காது மடிஞ்சிருக்கே.'
'வயசான சிங்கம்.'
சரி என்று நூல் நிறம் கேட்டாள்.

டிசம்பர். குதிரைப் பந்தய மைதானம்.
வெயில் இருபத்தேழு டிகிரி.
கம்பளிக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது இங்கிலாந்து.
எங்கள் மாடலின் நெஞ்சில் விரல் வைத்து
ஒருவர் நின்றுவிட்டார்.
வெள்ளை மீசை, வெள்ளிப் பூண் கைத்தடி,
யாரோ ரிட்டயர்டு கமாண்டர் சோமநாத ஐயங்கார்.
மாட்டிக்கொண்டோம், முடிந்தது என்று
பைக்குள் வேலை விலகல் கடிதம் எழுதத் தொடங்கினேன்.

'இந்த முத்திரை
எங்கள் கொள்ளுத்தாத்தா கோட்டில் இருந்தது.
கண்டோன்மென்ட் வீட்டு பீரோவில்.
இதே வாசகம்.'
எழுத்தெழுத்தாகப் படித்தார், ஒரு தப்பில்லை.
பாக்கியம் என்னும் இடத்தில் குரல் உடைந்தது.
மடிந்த காதை நகத்தால் நிமிர்த்திவிடப் பார்த்தார்,
அது எழவில்லை.

இரண்டு வாங்கினார். ஒன்று
டொரொண்டோவில் இருக்கும் பேரனுக்கு.
'தெரியட்டும் அவனுக்கு,
நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று.'

சில்க் போர்டிலிருந்து வந்தால்
இடப்பக்கம் திரும்ப வேண்டும், சார்.
இட்லி வண்டியைத் தாண்டாதீர்கள்.
பகலில் பெரும்பாலும்
தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.